கூட்டி எழுதிய வயது

அத்தியாயம் 11

கோபத்தோடு நீந்தினால் பட்டர்ஃப்ளை வராது. மற்ற நீச்சலில் ஆத்திரத்தைக் கொஞ்சம் மறைத்து வைக்கலாம். இதில் இரண்டு கையும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழ வேண்டும். இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரே துள்ளலாகப் போக வேண்டும். மனசு முறுக்கிக்கொண்டால் உடம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, வெள்ளையம்பலத்து நீச்சல்குளத்தில், அஜிதாவின் உடம்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

முதல் நீளம் முடிவதற்குள் தோள் கனத்தது. வழக்கமாக எழுபத்தைந்து மீட்டர் தாண்டிய பிறகுதான் அந்தச் சங்கடம் வரும். கடைசியில் சுவரை இரண்டு கையாலும் தொட வேண்டிய இடத்தில் குத்தினாள்.

"எந்தா அஜிதே, வெள்ளத்தோடயா சண்டை?" என்றார் லிஜோ சார். விழிஞ்ஞத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்துதான் பயிற்சி கொடுப்பார், கலந்துதான் திட்டுவார். "ஒண்ணு பதினாறு. நூறு மீட்டர ஒண்ணு ஒன்பதுல முடிக்கிற ஆளு. ஏழு செகண்ட் எங்க போச்சு?"

அஜிதா ஏறிப் போய், பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளை எடுத்து வந்து நீட்டினாள்.

நேற்று ஆராதனை முடிந்ததும், திடப்படுத்தல் வகுப்புக்கு வேண்டுமென்று சபை ஆபீசில் கேட்டு வாங்கிய ஞானஸ்நானச் சான்றிதழ் அது. பிறந்த தேதி 9-3-1981 என்று அதில் இருந்தது. அவளுடைய பள்ளிச் சான்றிதழ், கல்லூரி அடையாள அட்டை, நீச்சல் சங்கத்து அட்டை எல்லாவற்றிலும் 28-5-1980. நேற்று மத்தியானம் அதைக் காட்டியபோது, "கிளார்க்குக்குக் கண்ணு போச்சு, தப்பா எழுதியிருக்கான்" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அஜிதா வீட்டில் யாரோடும் பேசவில்லை.

லிஜோ சார் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் குடையோடு நின்றிருந்த அவளுடைய அப்பாவைப் பார்த்தார்.

"ராஜையன் சேட்டா, இங்கோட்டு வா."

ராஜையன் ஆரியசாலையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. பத்து வருடமாகத் தினமும் விடியற்காலையில் மகளை ஸ்கூட்டரில் வைத்துக் கூட்டிக்கொண்டு வருகிறவர். மழையோ பனியோ ஒரு நாள் தவறியதில்லை. அவர் வந்து நின்றார். தாளைப் பார்க்கவே இல்லை.

"எது சரி? சபையா, ஸ்கூலா?"

ராஜையன் குடையை மடக்கினார். மழை விட்டிருக்கவில்லை.

"சபையில உள்ளதுதான்," என்றார்.

அஜிதாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. இல்லை, கிளார்க்கின் பிழைதான் என்று ராத்திரி முழுக்கத் தன்னைத்தானே நம்பவைக்கப் பார்த்திருந்தாள்.

நீச்சலில் வயதுப் பிரிவு என்று ஒன்று உண்டு. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி எத்தனை வயது என்று பார்த்துப் பிரிப்பார்கள். பன்னிரண்டு வரை ஒன்று, பதினாலு வரை ஒன்று, பதினேழு வரை ஜூனியர். அதற்கு மேல் எல்லாரும் சீனியர். ஒவ்வொரு பிரிவிலும் கடைசி வருடம்தான் அறுவடை. கூட்டத்திலேயே மூத்தவளாக, தோள் பலத்தவளாக நிற்கிற வருடம் அது. மெடலும் கேம்ப்பும் அந்த வருடத்தில்தான் வரும்.

அஜிதாவுக்குப் பன்னிரண்டிலும் அந்த வருடம் வரவில்லை, பதினாலிலும் வரவில்லை. இரண்டு தடவையும் ஒரு வருடம் முன்னாலேயே பிடித்து மேலே தள்ளிவிட்டார்கள். இந்த வருடம் மூன்றாவது தடவை. பதினெட்டு ஆகிவிட்டதென்று சீனியரில் போட்டிருக்கிறார்கள். சீனியரில் மாநிலத்தில் அவள் ஏழாவது. ஏழாவதை யாரும் கேம்ப்புக்குக் கூப்பிடுவதில்லை.

"பேரூர்க்கடை ஆர்ஷா எப்போ பிறந்தா சார்?" என்று கேட்டாள்.

"எண்பத்தொண்ணு. ஃபெப்ருவரி இருபத்தஞ்சு."

"என்னைவிடப் பன்னிரண்டு நாள் மூத்தவ."

தொண்ணூற்றைந்தில் ஆர்ஷா பதினாலு வரை உள்ள பிரிவில் வெள்ளி வாங்கி, பெங்களூர் கேம்ப்புக்குப் போய், முதுகில் நாட்டின் பெயர் எழுதிய டிராக்சூட்டோடு திரும்பி வந்தாள். அதே நாள், அதே தண்ணீரில், மேல் பிரிவில் அஜிதா அவளைவிட முக்கால் செகண்ட் வேகமாக நீந்தி ஐந்தாவதாக வந்தாள். அந்த ஐந்தாவதுக்காக அன்றைக்கு லிஜோ சார்தான் அவளைத் திட்டித் தீர்த்தார்.

"ஸ்டேட் ஜூனியருக்குப் பேர் குடுக்க இன்னிக்கு அஞ்சு மணி வரைதான் சமயம்," என்றார் இப்போது. குரல் அடங்கியிருந்தது, முகம்தான் சிவந்திருந்தது. "ஸ்கூல் ரெஜிஸ்டர்ல எழுதினது தப்பு, சரியான தேதி இதுன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் ஒப்பு, கையெழுத்து போட்டு ஒரு கடலாசு வேணும். அது இருந்தா இப்போதைக்குப் பேரைச் சேர்த்துக்குவாங்க. மீதி எல்லாம் பிறகு முறையா மாத்திக்கலாம். ஏது ஸ்கூல்?"

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இப்போது ஹெட்மிஸ்ட்ரஸ் சார்ஜில் இருப்பவள் அவளுடைய அம்மா லீலாபாய்.

---

தம்பானூர் தாண்டும்போது மழை வலுத்தது. ராஜையன் ஸ்கூட்டரை ஒரு கடையின் இறவாரத்தில் ஒதுக்கினார்.

"சொல்லுங்க," என்றாள் அஜிதா.

அவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். போட்டார். மறுபடி துடைத்தார்.

"ஸ்கூல் திறந்து ஆறாவது வேலை நாள், ஆறாம் பிரவர்த்தி தினம்னு ஒண்ணு உண்டு மோளே. அன்னிக்கு அஞ்சு வயசு நிறைஞ்ச தலை எத்தன இருக்கோ அதுதான் அந்த வருசத்துக் கணக்கு. ஒரு தலை குறைஞ்சா ஒரு கிளாஸ் போகும். கிளாஸ் போனா ஒரு டீச்சர் போகும். எண்பத்தஞ்சில தமிழ் ஒண்ணாம் கிளாசுக்கு ஒரு பிள்ளை குறைவு. நானும் அம்மாவும் கரமனை முழுக்க ஏறி இறங்காத வீடில்ல. எல்லாரும் மலையாளத்துல சேர்த்தாச்சுன்னு சொல்லிட்டாங்க. அம்மாதான் அங்க இளைய டீச்சர்."

"வீட்டுல நான் இருந்தேன்."

"ம்."

"நாலு வயசுல."

"நாலு கழிஞ்சு மூணு மாசம்," என்றார் ராஜையன், அந்த மூன்று மாசம் ஏதோ பெரிய சமாதானம் போல.

உறவுக்காரர்கள் கூடுகிற கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வந்த ஆபீசர் வயது கேட்டபோது, குட்டி அஜிதா வாயால் ஐந்து என்று சொல்லிவிட்டு விரலால் நாலு காட்டினாளாம். ஆபீசரும் சிரித்துவிட்டுப் போனாராம். அந்தக் கதைக்கு அஜிதாவும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள். பிள்ளைக்கு எண்ணத் தெரியவில்லை என்று அத்தைகள் கன்னத்தைக் கிள்ளியிருக்கிறார்கள். பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. இத்தனை பேரும் கூடி அவள் முகத்துக்கு நேரே அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

"மே இருபத்தெட்டாம் தேதி வருசா வருசம் கேக் வாங்கிட்டு வருவீங்களே."

"நீ எங்கயாவது வாய் தவறிச் சொல்லிரக் கூடாதுன்னு அம்மா பிறந்தநாளையும் மாத்திட்டா. பிறகு அதே பழக்கமாயிட்டு." அவர் மழையைப் பார்த்தார். "அன்னிக்கு ஊர்ல எல்லாரும் செய்ததுதான் மோளே. ஒரு வயசுதானேன்னு..."

"தினம் காலையில என்கூடதானே அப்பா வந்தீங்க. பத்து வருசம். என் துண்டைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் படிக்கட்டுலதானே நின்னீங்க."

ராஜையன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்துகிற அப்பாவாக இருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். இப்படிக் கூனிக்குறுகி நிற்கிறவரை என்ன செய்வது?

"நீங்க ஆபீசுக்குப் போங்க," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டதும் குடையை நீட்டியதும் தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

---

பள்ளிக்கூடத்து வராந்தாவில் கஞ்சியும் பயறும் வேகிற மணம் வந்தது. நனைந்த தலையோடு அஜிதா ஒன்றாம் வகுப்பு ஜன்னலருகே வந்தவள், உள்ளே அம்மாவின் குரல் கேட்டு நின்றாள்.

லீலாபாய் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பெஞ்சு நுனியில், முழங்காலுக்குக் கீழே இறங்கிய ஒரு பழைய பாவாடைச் சீருடையில், சின்னப் பெண் ஒன்று இருந்தது. கால் தரைக்கு எட்டவில்லை.

"பேர் என்ன?"

"சூடாமணி."

"வயசு கேட்டா என்ன சொல்லணும்?"

"அஞ்சு."

"எங்க, சத்தமா?"

"அஞ்சு."

"கையை மடியில வச்சுக்கணும். விரல் ஒண்ணும் காட்டக் கூடாது, கேட்டியா?"

அஜிதா தேதியை அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். ஜூன் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை பள்ளி திறந்தது. இன்று எட்டாம் தேதி. ஆறாவது வேலை நாள்.

லீலாபாய் எழுந்து திரும்பியபோது மகளைப் பார்த்துவிட்டாள். ஒரு கணம் முகம் வெளுத்தது. மறுகணம் டீச்சராகிவிட்டாள்.

"தலையத் துவட்டு, சளி பிடிக்கும்."

"இவளுக்கு என்ன வயசு?"

"மெல்லப் பேசு."

"என்ன வயசும்மா?"

லீலாபாய் வராந்தாவுக்கு வந்து அவள் கையைப் பிடித்து ஆபீஸ் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "வேல்சாமி மாடம்மாள்னு புருசன் பொண்டாட்டி, கட்டட வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவங்க. பிள்ளையை மணல் குவியல்ல போட்டுட்டுச் சாந்துச் சட்டி தூக்குறா. இங்க இருந்தா மத்தியானம் கஞ்சியாவது குடிக்கும். அதுல உனக்கென்ன நஷ்டம்?"

"எனக்கென்ன நஷ்டம்னு கேக்கத்தான் வந்திருக்கேன்." அஜிதா ஈரத் தாளை மேசையில் வைத்தாள். "அப்பா எல்லாம் சொல்லியாச்சு. கிளார்க்குக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

லீலாபாய் தாளைத் தொடவில்லை.

"தலை எண்ண ஏ.இ.ஓ. கல்வி ஆபீசுக்காரர் எந்த நேரமும் வருவார். அவர் வந்து போகட்டும். அதுவரை நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன் மக்ளே."

காலைப் பிடிக்கிறவளின் குரலா அது? நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற குரல். அஜிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தது கீழ்ப்படிந்து அல்ல; ஹெட்மிஸ்ட்ரஸ் ஒப்பு இல்லாமல் அங்கிருந்து எழுந்து போவதில்லை என்ற பிடிவாதத்தில்.

ஆபீசர் வந்தபோது மணி இரண்டரை. சாதுவான மனிதர். வேட்டி நுனி முழுக்கச் சேறு. பேனா நுனியால் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு போனவர் சூடாமணியிடம் நின்றார்.

"மோளுக்கு எத்ர வயசாயி?"

பிள்ளைக்கு மலையாளம் தெரியாது. விழித்தது. லீலாபாய் குனிந்து, "சார் வயசு கேக்கறார்," என்றாள்.

"அஞ்சு." இரண்டு கையும் மடியில் அசையாமல் இருந்தன.

ஆபீசர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். கிளம்பும்போது வராந்தாவில் நின்ற அஜிதாவைப் பார்த்தார்.

"எண்டெ மோளாணு சாரே. நீச்சல்காரி," என்றாள் லீலாபாய். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை.

"பேப்பரில் போட்டோ கண்டிட்டுண்டல்லோ. எத்ர வயசாயி?"

"பதினெட்டு," என்றாள் லீலாபாய்.

"பதினேழு," என்றாள் அஜிதா.

இரண்டு பதிலும் ஒன்றாக வந்தன. ஆபீசர் சிரித்தார். அம்மைக்கும் மகளுக்கும் இரண்டு கணக்கா என்று கேட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெயர் எழுதிய ரெஜிஸ்டரை நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்குக் கொண்டுவரச் சொன்னார். எல்லாப் பள்ளிக்கும் அப்படித்தானாம். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

---

மூன்றேகால் மணிக்கு ராஜையன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைத் தாளை மேசையில் பிரித்து வைத்தார். அழகான கையெழுத்து. லாரி பில் எழுதி எழுதித் தேர்ந்த கை.

'என் மகளின் பிறந்த தேதியை 1985-ஆம் ஆண்டு நான் தவறாகச் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தாருக்கு இதில் எந்த அறிவும் இல்லை.'

"இதுல கண்டேன்னு எழுதி ஹெட்மிஸ்ட்ரஸ் ஒப்பு ஒண்ணு போட்டா போதும்," என்றார். "யாருக்கும் கேடில்ல. தப்பு என் தலையில இருக்கட்டும்."

லீலாபாய் படித்தாள். காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"இது நல்ல யோசனை," என்றாள்.

அஜிதா அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"மோளே, மணி மூணரை ஆகப்போகுது," என்றார் ராஜையன் பதறி.

"பிள்ளையைப் பெத்தவளே டீச்சர். ரெஜிஸ்டர்ல எழுதினவளும் அவளே. அவளுக்குத் தேதி தெரியாதாம், புருசன் வந்து தப்பாச் சொன்னாராம். எவன் நம்புவான்? ஒரு பொய்ய மாத்த இன்னொரு பொய். உங்க ரெண்டு பேருக்கும் வேற ஒண்ணும் தெரியாதா?"

"வாயை அடக்கு," என்றாள் லீலாபாய்.

"நீங்க எழுதுங்க. நான்தான் எழுதினேன், தெரிஞ்சுதான் எழுதினேன்னு எழுதுங்க."

"எழுத மாட்டேன். இருபத்தொரு வருசம் இந்தச் சாக்பீஸ் தூளைத் தின்னிருக்கேன். அடுத்த மாசம் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆர்டர் வருது. பொய் அட்மிஷன் போட்டேன்னு என் கையாலயே எழுதிக் குடுத்தா ஆர்டரும் வராது, இருக்கிறதும் நிக்காது."

"உங்க இருபத்தொண்ணு எனக்கு வேண்டாம். என்னோட ஒண்ணைத் தாங்க."

"என்னடீ பெரிய ஒண்ணு?" லீலாபாய் எழுந்து நின்றுவிட்டாள். "ஒரு வயசு மூத்ததுகளோட நீந்தினா என்ன தேஞ்சு போச்சு? படிப்புலயும் அப்படித்தானே படிச்சே? பதினாலு வயசுல பத்தாம் கிளாஸ் ஜெயிச்சே. கெட்டிக்காரின்னு எல்லாரும் சொல்லல்லியா? தண்ணியில மட்டும் என்ன?"

அஜிதா அம்மாவைப் பார்த்தாள். கேட்கிற முகத்தில் கள்ளம் இல்லை. இவள் ஒரு நாளும் குளத்துப் பக்கம் வந்ததில்லை. பள்ளிக்கூடமும் சமையலுமாகக் காலை ஓடிவிடும். நீச்சலும் படிப்பு மாதிரிதான் என்று உண்மையாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே சொன்னாள். பன்னிரண்டில் என்ன போயிற்று, பதினாலில் என்ன போயிற்று, இந்த வருடம் போனால் இனி ஏன் வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அழாமல் சொன்னாள்; பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஆர்ஷாவின் பெயர் வந்தபோது மட்டும் குரல் உடைந்தது, அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

லீலாபாய் மெல்ல உட்கார்ந்தாள். மகளைப் பார்க்காமல் கணவனைப் பார்த்தாள்.

"இது நெசமா?"

"நெசம்," என்றார் ராஜையன்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"தொண்ணூத்தி மூணுல தெரிஞ்சு போச்சு. லிஜோ சார் பிரிவு லிஸ்ட் ஒட்டினார், அப்போ கணக்குப் பாத்தேன்."

"அஞ்சு வருசமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே. நான் எழுதிக் குடுக்க மாட்டேன்னு நீங்களே தீர்மானிச்சுட்டீங்களா?"

"நீ எழுதிக் குடுத்துருவியோன்னுதான் பயந்தேன் லீலா. ரெண்டு சம்பளத்துல ஓடுற வீடு. உன் வேலை போனா..."

"யாருக்குப் பயம்? எனக்கா, உங்களுக்கா?"

ராஜையன் கிழிந்த தாளின் துண்டுகளைப் பொறுக்கினார்.

"என்னைக் கேக்காம என் பேர்ல ஒரு முடிவு. அதுவும் அஞ்சு வருசமா. நான் என்ன மண்ணு பொம்மையா?" லீலாபாயின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மேசை டிராயரை இழுத்த வேகத்தில் அது கையோடு வந்துவிட்டது. பள்ளியின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை உருவினாள்.

அம்மாவுக்கு அது உறைத்த விதம் அஜிதாவுக்கு எரிச்சலைத்தான் தந்தது. தன்னைக் கேட்காமல் தன் பேரில் முடிவெடுத்தால் இவளுக்கு எத்தனை கோபம் வருகிறது. நாலு வயதுப் பிள்ளையை யார் கேட்டார்கள்?

லீலாபாய் எழுதினாள். கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டை எழுத்து. அஜிதா என்ற மாணவியின் தாயும் அன்றைய வகுப்பாசிரியையுமான நான், எண்ணிக்கை குறைவின் காரணமாக, உண்மையான தேதி தெரிந்திருந்தும் மாற்றி எழுதினேன். ஒரு சொல்லையும் மழுப்பவில்லை. கையெழுத்திட்டு, முத்திரையை மைத் தட்டில் அழுத்தி, தாளில் குத்தினாள். மேசை அதிர்ந்தது.

"கொண்டு போ."

மணி நாலு. ராஜையன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அஜிதா தாளை உறைக்குள் வைத்தாள். ஆனால் நகரவில்லை.

மேசையில் அட்மிஷன் ரெஜிஸ்டர் விரிந்து கிடந்தது. கடைசி வரியில், மை இன்னும் புதிதாக, சூடாமணி. பிறந்த தேதி 30-5-1993.

"இவளுக்கு?"

"உனக்கு வேண்டியது கிடைச்சாச்சு. போ."

"இவளும் ஒரு நாள் ஏதாவது ஒண்ணுல ஓடுவா, நீந்துவா, பரீட்சை எழுதுவா. அப்போ யார்கிட்டப் போய் நிப்பா? உங்க பேர்கூட ஞாபகம் இருக்காது."

லீலாபாய் பேனாவை எடுத்து மகளின் பக்கம் நீட்டினாள்.

"அப்போ அவ பேரை நீயே அடி. இந்தா. அடிச்சா தமிழ் ஒண்ணாம் கிளாஸ் இல்ல. இருக்கிற பிள்ளைங்க எல்லாம் மலையாளம் கிளாஸ்ல போய் டீச்சர் வாயைப் பாத்துட்டு இருக்கும். சரசம்மா டீச்சர் நாளைக்கு வீட்டுல இருப்பா, அவதான் இப்போ இங்க இளையவ. இது எல்லாம் சரின்னு பட்டா அடி."

அஜிதா பேனாவை வாங்கினாள்.

வராந்தாவில் மாடம்மாள் வந்து நின்றிருந்தாள், தலையில் சும்மாடு, காலெல்லாம் சிமெண்டு. சூடாமணி ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, பிள்ளை எப்போ பிறந்தது?" என்று ஜன்னல் வழியே கேட்டாள் அஜிதா.

மாடம்மாள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா சொல்லுங்க."

"தொண்ணூத்தி நாலு, ஏப்ரல் பதினேழும்மா. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு. ஏன், ஏதும் தப்பாயிட்டா?"

அஜிதா பெயரைத் தொடவில்லை. தேதியின் மேல் மட்டும் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே, இடம் போதாமல் நெருக்கி, 17-4-1994 என்று எழுதினாள்.

லீலாபாய் எட்டிப் பார்த்தாள்.

"திருத்தினா பக்கத்துல என் ஒப்பு வேணும்," என்றாள். "ஒப்பில்லாட்டி அது செல்லாது. ஒப்பிட்டா, பத்தரை மாசம் கூட்டி எழுதித் தலை எண்ணவிட்டேன்னு நானே இன்னிக்குத் தேதியில சொன்ன மாதிரி. நாளைக்குப் பத்து மணிக்கு இதை ஆபீசர் மேசையில வைக்கப்போறது நான்."

"வையுங்க," என்றாள் அஜிதா. "பதிமூணு வருசம் நான் சுமந்தேன். நாளைக்கு ஒரு நாள் நீங்க சுமங்க."

பேனாவை ரெஜிஸ்டர் மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். மழை தூறலாகியிருந்தது. ராஜையன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியிருந்தார். பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். மன்னிப்பெல்லாம் ஒன்றுமில்லை; ஐந்து மணிக்குள் போய்ச் சேர அந்த ஸ்கூட்டரை விட்டால் வேறு வழியில்லை.

தெருமுனையில் ஒரு மிளகாய் வண்டி குறுக்கே நின்றது. ஸ்கூட்டர் திணறி நின்ற அந்த நேரத்தில் அஜிதா வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். ஆபீஸ் அறை ஜன்னலில் அம்மாவின் தலை மட்டும் தெரிந்தது, ரெஜிஸ்டர்மேல் குனிந்தபடி. பேனா அவள் கையில் இருந்ததா, மேசையிலேயே கிடந்ததா என்று அங்கிருந்து தெரியவில்லை.